பன்னிரண்டு அடி

உட்காருங்கள் அண்ணே, இந்த இடத்துக்கு ஆள் இல்லை. என் வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. டோக்கன் முப்பத்தொன்று. உங்களுக்கு என்ன? எழுபத்தாறா. அப்படியென்றால் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான். இப்போது ஐம்பத்திரண்டு போகிறது. மனு நாள் என்றால் இப்படித்தான். பட்டா விஷயமா? எல்லோருக்கும் பட்டாதான்.

வேலை முடிந்தும் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறீர்கள். அதோ வேப்பமரத்தடியில் ஏழு பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுடைய டோக்கன் அறுபத்துநான்கு. அவர்கள் உள்ளே போய்விட்டு வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் கிளம்பப் போகிறேன். நடுவில், பச்சைச் சேலை கட்டி, மடியில் துணிப்பை வைத்திருப்பவள் முத்துராக்கு. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது. அவள் வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் இருமல் வரும். மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் என்மேல் மனுக் கொடுக்க வந்திருக்கிறாள்.

நான் மாவிலங்கேந்தல் பஞ்சாயத்துத் தலைவர். நாகவல்லி. என் வீட்டுக்காரர் இல்லை, நான்தான். இதைச் சொல்லிவிடுவது நல்லது. இங்கே உள்ளே இருக்கிறவர்களே, "தலைவர் வரலையாம்மா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவர்கள்தான். நான்கரை வருஷமாக நான் மட்டும்தான் வருகிறேன், நான் மட்டும்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு டீக்குக்கூட யாரிடமும் கை நீட்டியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த ஏழு பேரையே கேளுங்கள். அதை மட்டும் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இந்த உறைக்குள் இருப்பது உத்தரவு. எங்கள் ஊர்த் தரவையின் வடபாதியைத் தோண்ட. வியாழக்கிழமை பொக்லைன் வருகிறது. ஊரில் மிச்சமிருக்கிற நல்ல தண்ணீர் ஊற்றெல்லாம் அந்த வடபாதியில்தான் இருக்கிறது என்று சொல்லி, அதைத் தோண்டக் கூடாது என்று மனு எழுதிக்கொண்டு அவர்கள் வந்திருக்கிறார்கள். உத்தரவு ஏற்கெனவே என் கைக்கு வந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. உள்ளே போனால் சொல்வார்கள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கெட்ட எண்ணம்தான். இருக்கட்டும்.

தரவை என்றால் உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்? உங்கள் பக்கம் இருக்காது. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் சும்மா கிடக்கிற தாழ்ந்த நிலம். ஐப்பசியில் மழை பிடித்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் ஏறாது, அகலத்தில்தான் பரவும். கோரை முளைக்கும். சேறு. வெயில் பட்டால் நாற்றம். எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கிக் கத்துகிற கத்தலில் டிவி சத்தம் கேட்காது. மாசி, பங்குனியில் தண்ணீர் வடிந்துவிடும். எங்கே போகிறது என்று கேட்டால், "மண்ணு குடிச்சுக்கிருச்சு" என்பார்கள். அப்புறம் மாடு மேயும். அவ்வளவுதான் தரவை. சர்க்கார் ஏட்டில் தரிசு என்று போட்டிருக்கிறது. சர்க்காரே ஒன்றுக்கும் ஆகாதது என்று எழுதி வைத்த இடத்தைத்தான் அண்ணே நான் தொட்டேன்.

நான் ஆற்றங்கரைக்காரி. எங்கள் ஊரில் ஆற்று மணலில் எவ்வளவு ஆழம் பறிக்கிறோமோ அவ்வளவு தண்ணீர். ஆள் மறைகிற ஆழத்தில் இறங்கி நின்று வாளியில் கொடுப்போம். இங்கே கல்யாணமாகி வந்த நாலாம் நாள் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தரவை ஓரத்து மணலில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு குழியைப் பறித்துக்கொண்டு, குப்புறப் படுத்த மாதிரி கிடக்கிறாள். கையில் தேங்காய்ச் சிரட்டை. ஒரு சிரட்டை ஊறும், அதை வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். மறுபடி காத்திருக்க வேண்டும். ஒரு குடத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

நான் சும்மா இருப்பேனா? பக்கத்தில் யாரோ கோரைக்கிழங்கு தோண்ட வைத்திருந்த களைக்கொத்தை எடுத்துக் குழியில் இறக்கினேன். பிடித்தாள் பாருங்கள் கையை. அன்றைக்கு அவளுக்குப் பதினாலு, பதினைந்து வயசு. என் கொழுந்தனுக்கு முறைப்பெண். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, இரும்பு போடக் கூடாது. கையாலதான் பறிக்கணும். முழங்கை மறைஞ்சிருச்சுன்னா போதும், நிப்பாட்டிரணும்."

"இன்னும் ரெண்டு சாண் பறிச்சா சீக்கிரம் நெறையும்ல?"

"நெறையும். குடிக்கத்தான் ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவி, "ஆத்தங்கரை மகராணி, வாய்க்கால் வெட்டிக் கொண்டாந்திருக்கலாம்ல" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். புதுப்பெண் நான், கழுத்தில் மஞ்சள்கூடக் காயவில்லை. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை அண்ணே. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

மதியத்துக்கு மேல் குழியை மூடிவிட வேண்டும். நாளைக்கு வேறு இடத்தில் பறிக்க வேண்டும். ஊற்றுக்கு ஓய்வாம். எனக்கு ஓய்வு கிடையாது, ஊற்றுக்கு ஓய்வு. பத்தொன்பது வருஷம் அந்தச் சிரட்டையோடு கிடந்தேன். இரண்டு பிள்ளைத்தாச்சி வயிற்றோடும் கிடந்தேன். இடுப்பு போனது அங்கேதான். ஊர் ஆம்பிளைகளில் ஒருத்தனாவது சிரட்டையைத் தொட்டதுண்டா? குடத்தைத் தூக்கிவிடக்கூட வர மாட்டான். பொம்பளைகள் மண்ணில் குப்புறக் கிடப்பதை யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. நான் நினைத்தேன். அது தப்பா சொல்லுங்கள்.

பெண்களுக்கு என்று எங்கள் பஞ்சாயத்தை ஒதுக்கியதும் நின்றேன். வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். உங்கள் கையிலிருந்து சிரட்டையைப் பிடுங்கி எறிவேன். முத்துராக்கு எனக்காக நோட்டீஸ் கொடுத்தாள். அப்போதெல்லாம் பேசுவோம். "எங்க அக்கா சொன்னா செய்யும்" என்று கிழக்குத் தெரு முழுக்கச் சொன்னவள் அவள்தான்.

செய்தேன். முதல் வருஷமே செய்தேன். தரவையின் தென்பாதியில் ஊரணி. ஒரு ஏக்கர் பரப்பு, பன்னிரண்டு அடி ஆழம், நாலு பக்கமும் கல் படிக்கட்டு. எஸ்டிமேட்டில் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் தெரியுமா? படுக்கும்போது தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

பொக்லைன் ஓட்டியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். நல்ல மனுஷன். மூன்றாம் நாள் மத்தியானம் வண்டியை அணைத்துவிட்டு மேலே வந்தார்.

"அக்கா, களிமண்ணு வந்துருச்சுங்க. ஏழடி ஆயிருச்சு. நிறுத்திக்கலாமுங்களா?"

"ஏன்?"

"எங்கூர்ப் பக்கம் களி வந்தா அதுக்குங் கீழ போகமாட்டமுங்க. தண்ணி நிக்கறதே அதும்மேலதானுங்க."

யூனியன் ஓவர்சியரும் இருந்தார். குடை பிடித்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். "மேடம், அவர் சொல்றது சரிதான். ஏழோட விட்ருவோம். எழுதுறப்போ பன்னெண்டுன்னு எழுதிக்குவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடக்குது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பக்கத்து ஊர்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன். பத்தடி என்பார்கள், ஐந்தடிதான் இருக்கும். மாடு நடந்து கடக்கும். நாளைக்கு என் பெயரையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார்கள். "என் ஊர்ல அப்படி இல்லை சார்" என்றேன். "பன்னெண்டுன்னா பன்னெண்டு."

முத்துராக்கு கரையில் நின்றுகொண்டிருந்தாள். கீழே இறங்கி வந்து அந்தக் களியை ஒரு பிடி எடுத்தாள். நீலமாக, பிசுபிசுவென்று இருந்தது. "அக்கா, இது கடல்களி. இதுக்கு மேலதான் நம்ம தண்ணி நிக்குது. இதை உடைக்காத" என்றாள். ஓவர்சியரும் உடைக்காதே என்கிறார், இவளும் உடைக்காதே என்கிறாள். எனக்கு அப்போது இவளையே சந்தேகமாக இருந்தது. அவர்களோடு பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாளோ என்று. அது தப்புதான். அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது.

டேப்பை நானே பிடித்தேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். பதினொன்றரை காட்டியது. ஓவர்சியர் போதும் என்றார். "இன்னும் அரை அடி" என்றேன். அந்த அரை அடியையும் விடவில்லை. எடுத்து முடித்தபோது அடியில் கொஞ்சம் கசிந்திருந்தது. வண்டிக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்குதுங்கக்கா." புதுக் களி அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று சொன்னேனே.

அந்த ஐப்பசி மழை இருக்கிறதே, சொல்லி வைத்த மாதிரி பெய்தது. பன்னிரண்டு அடியும் நிறைந்தது. படிக்கட்டில் நின்று குடத்தை ஒரே முக்கு. நிறைந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் இல்லை, ஒரே முக்கு. பஞ்சவர்ணம் என்று ஒருத்தி, அதோ ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள்தான், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கு எனக்கு எதிராக வந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அழுதாள். முத்துராக்குகூட ஒரு குடம் எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எடுத்தாள். நான் பார்த்தேன்.

நாலு மாதம் அண்ணே. அந்த நாலு மாதம் என்னைத் தெருவில் பார்த்தால் எழுந்து நின்றார்கள்.

பங்குனியில் பருப்பு வேகவில்லை என்றார்கள். பழைய பருப்பு என்றேன். டீக்கடைக்காரர் பால் திரிகிறது என்றார். உன் பாத்திரத்தைக் கழுவு என்றேன். சித்திரையில் எனக்கே தெரிந்துவிட்டது. வாய் கொப்பளித்துத் துப்பினால் உதட்டில் ஒட்டுகிறது. சரி, ஊரணி போகட்டும், ஊற்று இருக்கிறதே என்று பழையபடி சிரட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெற்கு ஓரத்து ஊற்றெல்லாம் கரித்தது. முழங்கை அளவு பறித்தாலும் கரித்தது. ஒரு சாண் பறித்தாலும் கரித்தது. மேற்கு ஓரமும் அடுத்த வருஷம் போனது. ஓரத்தில் இருந்த நல்ல தண்ணீரை எல்லாம் ஊரணிப் பள்ளம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, அந்த இடத்துக்குக் கீழேயிருந்து உப்பு ஏறிவிட்டது என்று பறவைக் கணக்கு எடுக்க வந்த ஒரு காலேஜ் பெண் சொன்னாளாம். படித்தவர்கள் எதையாவது சொல்வார்கள். மழை குறைந்தது காரணமாக இருக்கக் கூடாதா? கிழக்கே இறால் பண்ணை இருக்கிறது, அது காரணமாக இருக்கக் கூடாதா? என் ஊரணி ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

மழை குறைந்தது என்று சொன்னேன், அடுத்த ஐப்பசியில் கிழக்குத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. அதற்கும் நான்தானாம். தோண்டிய மண்ணைத் தரவைக்குக் குறுக்கே கரையாகப் போட்டேன், வேறு எங்கே போடுவது? பரவ இடமில்லாமல் தண்ணீர் ஊருக்குள் திரும்பிவிட்டது என்கிறார்கள். முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் தரவை வாங்கிக்கொள்ளுமாம். புயல் வருஷத்தில் கடல் தண்ணீர் ஏறி வந்தபோதுகூட கோரைக்குள் நுழைந்து அங்கேயே படுத்துவிட்டதாம். எனக்கு முன்னால் யாரும் இந்தக் கதைகளைச் சொன்னதில்லை அண்ணே. அது பாட்டுக்குக் கிடந்தது. போன பிறகுதான் ஆளாளுக்கு அதன் பெருமையைப் பேசுகிறார்கள்.

கோரை கருகியது. மாடுகளை விற்றார்கள். பறவைகள் வரவில்லை. மார்கழியில் ஊர் அமைதியாக இருக்கிறது, டிவி நன்றாகக் கேட்கிறது. அதையும் என்னிடம் குறையாகச் சொன்னாள் ஒருத்தி. "சத்தமே இல்லாம தூக்கம் வர மாட்டேங்குது தலைவரே" என்று. என்ன செய்யட்டும், நான் போய்க் கத்தட்டுமா?

ஊரணிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாகவல்லி சமுத்திரம். "கடலு ரெண்டு மைல் தள்ளிக் கெடந்துச்சு, எங்க தலைவர்தான் படிக்கட்டு போட்டு ஊருக்குள்ள கூப்பிட்டு வந்தாங்க." என் காதில் விழுகிற மாதிரித்தான் சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. சித்திரை மாதம், அத்தனை பேர் படிக்கட்டில் நிற்கும்போது முத்துராக்கு வெறும் குடத்தோடு மேலே ஏறி வந்தாள். என் எதிரில் நின்றாள். சத்தம் போடவில்லை. "முழங்கை மறைஞ்சா போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல. நீ பொக்லைன் மறையுற வரைக்கும் தோண்டியிருக்கியே, அக்கா."

நான் விட்டேனா? "உனக்கு என்னடி? எல்லாரும் சிரட்டையோட மண்ணுல கெடக்கணும், அதானே உனக்கு வேணும்?" என்றேன்.

"கெடந்தாலும் குடிச்சுக்கிட்டுக் கெடந்தோம்" என்றாள். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

ஐம்பத்தொன்பதா கூப்பிட்டார்கள்? சரி.

இப்போது வடபாதிக்கு வருகிறேன். பாருங்கள், நான் சும்மா வீம்புக்குச் செய்யவில்லை. புதிதாக வந்திருக்கிற இன்ஜினியரிடம் விவரமாகக் கேட்டேன். ஊரணி சிறிதாகப் போய்விட்டது, அதனால்தான் உப்பு மேலே ஏறுகிறது. வடபாதியையும் தோண்டி இரண்டையும் சேர்த்துவிட்டால், அவ்வளவு மழைத் தண்ணீரின் கனத்தில் உப்பு கீழே போய்விடும். அவரே சொன்னார். "வாய்ப்பு இருக்கு" என்று சொன்னார். நான்தான் கேட்டேன், இப்படி நடக்குமா என்று. வாய்ப்பு இருக்கு என்றார். என் பதவி இன்னும் ஐந்து மாதம்தான். அதற்குள் இதை முடிக்காமல் போனால், இந்த ஊரில் நான் செத்த பிறகும் அந்த உப்புக்குளம்தான் என் பெயராக நிற்கும். சேர்த்துத் தோண்டி, நிறைந்து, நல்ல தண்ணீராக ஆகிவிட்டால்? அப்போது என்ன சொல்வார்கள்? அதற்காக ஒரு வருஷம் நடந்திருக்கிறேன் அண்ணே. இந்த வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து இங்கே இருக்கிற பியூனுக்கு என் பேரப்பிள்ளையின் பெயர்வரை தெரியும்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அந்தத் துணிப்பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கிறது. ஒன்று என் ஊரணியில் மொண்டது. இன்னொன்று வடக்கே அவள் ஊற்றில் எடுத்தது. இரண்டையும் பெரிய அதிகாரிக்குக் குடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம். எந்த அதிகாரி அண்ணே குடிப்பார்? பைத்தியக்காரிகள்.

என்ன கேட்டீர்கள்?

எங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறோம் என்றா?

ஏன், கேன் தண்ணீர் வருகிறதே. மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து போடுகிறான். எல்லோர் வீட்டுக்கும் வருகிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள், முடியாதவர்கள் வடக்கே போகிறார்கள்.

நான் கேன்தான் குடிக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளாது. அவருக்குச் சிறுநீரகத்தில் கல். உப்புத் தண்ணீர் வந்த பிறகு வந்ததுதான். டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்னார். கேன் தண்ணீர் கசக்கிறது என்று மூடி வைத்துவிடுவார், வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் காலையில் பின்வாசலைத் திறந்தேன். ஒரு குடம் இருந்தது. மேலே தட்டு போட்டு மூடி. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்த நெளிந்த குடத்தை எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து தினமும் வைக்கிறாள். மூன்று வருஷம். ஒரு நாள் தப்பியதில்லை. அவள் மகளுக்குக் குழந்தை பிறந்த அன்றைக்கும் இருந்தது. நான் பேச மாட்டேன், அவளும் பேச மாட்டாள். சாயங்காலம் வெறும் குடத்தை அவள் வாசலில் என் வீட்டுக்காரர் வைத்துவிட்டு வருவார். எதற்கு வைக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? என்னை அவமானப்படுத்தத்தான். ஒவ்வொரு நாளும் விடிந்ததும், பார், உன் வீட்டு ஆளே என் ஊற்றைத்தான் குடிக்கிறான் என்று காட்டுகிறாள். கை ஓங்கி அடித்தால்கூட இவ்வளவு இருக்காது. ஒரு நாள் கொட்டிவிடலாம் என்று தூக்கினேன். தூக்கியதும் கைக்குத் தெரிந்துவிட்டது, ஒன்றரை மணி நேரம் என்று. இப்போது ஊற்று குறைந்துவிட்டதால் இரண்டு மணி நேரம் ஆகுமாம். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

நான் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. எப்போதாவது குழம்புக்கு ஊற்றியிருப்பேன். பருப்பு வேக வேண்டுமே.

அறுபத்துநான்கு. பாருங்கள், எழுந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போகக் கூடாது என்று பியூன் சொல்கிறார். பஞ்சவர்ணம் சண்டை போடுகிறாள் பாருங்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வா என்கிறார். சரி, மூன்று பேரை விட்டுவிட்டார். முத்துராக்கு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் இருப்பது அவளுக்குத் தெரியும். காலையில் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், பியூன் தெரிந்தவர் என்பதால் எனக்கு டோக்கன் முன்னால் கிடைத்தது.

ரொம்ப நேரம் ஆகாது. என்னையே நாலு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்.

வந்துவிட்டாள். பாட்டில் இரண்டும் அப்படியே இருக்கிறது பார்த்தீர்களா? ஒரு சொட்டுக் குறையவில்லை. நான் சொன்னேன் இல்லையா? மனுவை வாங்கிப் பச்சை மையில் ஏதாவது கிறுக்கிக் கொடுத்திருப்பார்கள். உத்தரவு போட்டாச்சே அம்மா என்று சொல்லியிருப்பார்கள். முகத்தைப் பாருங்கள். இல்லை, அழவில்லை. அழுவாள் என்று நினைத்தேன்.

இங்கேதான் வருகிறாள். நீங்கள் எழுந்திருக்காதீர்கள் அண்ணே, இருங்கள்.

"அக்கா, எந்தப் பக்கமிருந்து தோண்ட ஆரம்பிக்கிறாங்க?"

"வடக்கேயிருந்து. தார் ரோடு அங்கனதான இருக்கு. வண்டி அங்கனதான் எறங்கும்."

"அப்போ வியாழக்கெழமையே எங்க ஊத்து போயிரும். தெக்கேயிருந்து வந்தா ஒரு பத்து நாள் கெடைக்கும். அதுக்குத்தான் கேட்டேன். அண்டா, சட்டி எல்லாத்துலயும் எடுத்து வச்சுக்கலாம்னு. சரி. ரெண்டு பத்து பஸ்ஸு வந்துரும், வர்றேன்."

கேட்டீர்களா? மூன்று வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து என்ன கேட்டாள் பார்த்தீர்களா? மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். என்னென்னவோ வைத்திருந்தேன். எந்தப் பக்கமிருந்து என்று கேட்கிறாள். சந்தையில் விலை கேட்கிற மாதிரி. இதெல்லாம் ஒரு தந்திரம் அண்ணே. என்னைப் பேசவிடாமல் செய்கிற தந்திரம்.

போய்விட்டார்கள்.

உங்களிடம் பேனா இருக்கிறதே, நல்ல கையெழுத்தா? அந்தப் பழைய ஜெராக்ஸ் தாளில் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? இரண்டே வரி. பெறுநர் எல்லாம் உங்களுக்குத் தெரியும். மாவிலங்கேந்தல் தரவை வேலையை வடக்கேயிருந்து ஆரம்பிக்காமல் தெற்கேயிருந்து ஆரம்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, கவனமாக எழுதுங்கள். பக்கத்தை மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். பியூன் எனக்குத் தெரிந்தவர், டோக்கன் இல்லாமல் விடுவார். பத்து நாள் கிடைத்தால் அவர்கள் பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எனக்கென்ன?

என்ன நிறுத்திவிட்டீர்கள்?

காரணமா?

காரணம் எழுதாமல் வாங்க மாட்டார்கள்தான். இன்னாரின் வேண்டுகோள் என்று மட்டும் போட முடியாதா? முடியாது. ஏன் தெற்கேயிருந்து என்று கேட்பார்கள். வடக்கே நல்ல தண்ணீர் இருப்பதால் என்று எழுத வேண்டும். தோண்டினால் அது போய்விடும் என்பதால் என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே நாகவல்லி, தலைவர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கொடுங்கள் அந்தத் தாளை. மடித்து வைத்துக்கொள்கிறேன்.

இல்லை, என்னிடம் வேண்டாம். கிழித்துவிடுங்கள் அண்ணே. நீங்களே கிழித்துவிடுங்கள்.